நோட்டிடம் என்ன கேட்பது, என்ன கொடுப்பது: ஸீரோ நாலெட்ஜ் நிறுவல்களுக்குப் புதியவர்களுக்கு

இலங்கையில் நம் அடையாள அட்டை எண்ணைப் போல ஓட்டைவாய் வேறு எதுவும் கிடையாது. 12 இலக்கப் புதிய எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். "நானும் இந்தச் சங்கத்து உறுப்பினர்தான்" என்று காட்ட அட்டையை நீட்டினால் வயதும் பிறந்த நாளும் சேர்ந்தே மேசைக்கு வந்துவிடும்.

ஒருநாள் பின்னேரம் திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில், மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குவழக்குப் பார்க்கும் அண்ணா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, வாக்குப் போட்டது எங்கட ஆள்தான் எண்டு தெரியவேணும். ஆனா ஆர் எண்டு தெரியக்கூடாது. போனில செய்யேலுமோ?"

செய்யலாம். ஆனால் அந்தச் சங்கத்தின் 412 பேருக்கு ஒரு தகரப் பெட்டியும் துண்டுச் சீட்டும் போதும் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். படிப்பதற்கு மட்டும் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த 412 பேரையே வைத்துக்கொள்வோம்.

ஸீரோ நாலெட்ஜ் ப்ரூஃப், சுருக்கமாக இசட்கே. சாதாரண தரக் கணிதத்தில் "நிறுவுக" என்று வருமே, அந்த நிறுவல்தான் இதுவும். ஒரு கூற்று உண்மை என்று நிறுவுவோம், அது ஏன் உண்மை என்பதற்கான இரகசியத்தை மட்டும் வாய்விட மாட்டோம். உள்ளே இருக்கும் கணிதத்தை விளக்கும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லப்போவது அதற்கு வெளியே நடப்பது: உங்கள் கணினியில் பிறந்த நிறுவல் பிளாக்செயின் வலையமைப்பிலுள்ள நோட்டுக்கு, அதாவது அங்குள்ள ஒரு கணினிக்கு, எப்படிப் போகிறது, நோட்டிடமிருந்து என்ன வருகிறது என்பது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கடவையில்தான் நடந்தன. கணிதத்தில் பிழை வந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

எது கடக்கும், எது கடக்கக்கூடாது

2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஃபெரியில்தான் போய்வந்தோம். எதை ஏற்றுவது, எதை வீட்டில் விட்டு வருவது என்று கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இங்கேயும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

இக்கரையில் உங்கள் மடிக்கணினி அல்லது போன். இரகசிய எண் இருப்பதும் நிறுவல் உருவாவதும் இங்கே. அக்கரையில் நோட்: சங்கிலியின், அதாவது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டின், நிலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்டால் பதில் சொல்கிற, கொடுத்தால் மற்ற நோட்களுக்குக் கடத்துகிற கணினி. அந்தச் சங்கிலிக்குள் நிறுவலைச் சரிபார்க்கும் சிறிய நிரல் ஒன்று, அதாவது கான்ட்ராக்ட், இருக்கும். நான் எத்தீரியம் என்ற சங்கிலியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் தொடங்குவதற்கான கருவிகள் அங்கேதான் அதிகம்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் இரகசிய எண்ணைத் தாமே உருவாக்கி, அதன் ஹேஷை (எண்ணை அரைத்து வரும் இன்னோர் எண், அதிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க முடியாது) மட்டும் சங்கத்திடம் கொடுக்கிறார். அந்த 412 ஹேஷ்களும் மெர்க்கிள் மரத்தின் இலைகள். இலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹேஷ் செய்துகொண்டே போனால் கடைசியில் ஒரே எண் மிஞ்சும், அது வேர். பத்து அடுக்கு மரத்தில் 1,024 இலைகள் அடங்கும், நமக்குத் தாராளம். நிறுவ வேண்டிய கூற்று இது: "இந்த வேருள்ள மரத்தின் ஏதோவொரு இலைக்குரிய இரகசியம் என்னிடம் இருக்கிறது."

நோட்டிடமிருந்து உங்களுக்கு வருவது வேரும் இலைப் பட்டியலும் எந்த பிளாக்கில் (சங்கிலியின் எந்தக் கண்ணியில்) நிற்கிறோம் என்பதும். உங்களிடமிருந்து போவது நிறுவலும் சில பொது எண்களும். நம் விஷயத்தில் பொது எண்கள் நான்கு: வேர், வாக்கெடுப்பின் எண், வாக்கு, நலிஃபையர். கடைசியாகச் சொன்னது உங்கள் இரகசியத்தையும் வாக்கெடுப்பின் எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து வரும் எண். ஒரே ஆள் அதே வாக்கெடுப்பில் இரண்டாம் முறை வந்தால் அதே எண் மறுபடி வரும், அதை வைத்துத் தடுத்துவிடலாம். ஆள் யாரென்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

இரகசிய எண், உங்கள் இலை எத்தனையாவது என்பது, இலையிலிருந்து வேர் வரைக்குமான வழி ஆகிய மூன்றும் இக்கரையை விட்டு நகரவே கூடாது.

ஏற்றும் பொதி எவ்வளவு பெரியது என்று கேட்டால் சிரிப்பு வரும். க்ரோத்16 என்ற முறையில் நிறுவல் 256 பைட். நான்கு பொது எண்கள், ஒவ்வொன்றும் 32 பைட், ஆக 128. கான்ட்ராக்டின் எந்தச் செயலை அழைக்கிறோம் என்பதற்கு 4. மொத்தம் 388 பைட், மூன்று எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்கிவிடும். டேட்டா காட் தீரப்போகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி.

இந்த ஒரே பொதி அமைப்புக்கும் ஒரு கதை உண்டு. 1985இல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்கோஃப் மூவரும் இந்தத் துறையைத் தொடக்கி வைத்தபோது நிறுவல் என்பது உரையாடலாக இருந்தது. சரிபார்ப்பவர் எதிர்பாராத கேள்வி கேட்பார், நிறுவுபவர் பதில் சொல்வார், நம்பிக்கை வரும்வரை இது தொடரும். நோட்டால் அப்படி உட்கார்ந்து கேள்வி கேட்க முடியாது. ஆயிரக்கணக்கான நோட்கள் ஒரே பதிலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். 1986இல் ஃபியட்டும் ஷமீரும் கேள்வியையும் ஹேஷிலிருந்தே வரவழைக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டு பக்கப் பேச்சு ஒருபக்கக் கடிதமாக மாறியது அதன் பிறகுதான். 2016இல் வந்த க்ரோத்16 கேள்வியை முன்கூட்டியே, ஒரு பொது ஆயத்தத்தில் பொதிந்து வைத்துவிடுகிறது. அந்த ஆயத்தம் அடுத்து வருகிறது.

முதல் படி: கருவிகள்

நோட்.ஜேஎஸ், சர்க்கம், ஸ்நார்க்ஜேஎஸ் மூன்றையும் கணினியில் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். (முதலாவதன் பெயரிலும் நோட் இருக்கிறது, நாம் பேசும் நோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் மச்சான் இதில் ஒரு பின்னேரம் முழுக்கக் குழம்பினான்.) கூற்றைச் சர்க்கம் மொழியில் எழுதுவீர்கள், ஸ்நார்க்ஜேஎஸ் நிறுவலைச் செய்துதரும்.

ஆயத்தத்துக்கு "பவர்ஸ் ஆஃப் டோ" என்ற கோப்பு வேண்டும். 14ஆம் அளவை எடுங்கள். அது 16,384 கட்டுப்பாடுகள் (கூற்றை உடைத்தால் வரும் சிறு சமன்பாடுகள்) வரை தாங்கும், பதிவிறக்க ஏறக்குறைய 18 மெகாபைட். நம் மரத்துக்கு சில ஆயிரம் கட்டுப்பாடுகளே வரும். பெரியது நல்லது என்று நினைத்து 20ஆம் அளவை எடுத்தால் 1.2 ஜிகாபைட் போய்விடும், ஒரு பிரயோசனமும் இல்லை.

அதிலிருந்து உங்கள் கூற்றுக்கென ஒரு நிறுவல் சாவியும் ஒரு சரிபார்ப்புச் சாவியும் செய்வீர்கள். செய்யும்போது எழும் தற்செயல் எண்ணை யாராவது வைத்துக்கொண்டால் பொய் நிறுவல் செய்யலாம். அதனால் உண்மையான பயன்பாட்டில் பலர் முறைவைத்துப் பங்களிப்பார்கள். ஒருவராவது தன் எண்ணை அழித்திருந்தால் போதும். பயிற்சிக்கு நீங்கள் ஒருவரே செய்துகொள்ளலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். சரிபார்ப்புச் சாவி கான்ட்ராக்டுக்குள் எழுதப்பட்டிருக்கும். கூற்றில் ஒரு வரியை மாற்றிச் சாவிகளைப் புதிதாகச் செய்துவிட்டுப் பழைய கான்ட்ராக்டையே விட்டுவைத்தால் எந்த நிறுவலும் செல்லாது. பூட்டை மாற்றாமல் திறப்பை மட்டும் மாற்றிய கதைதான்.

நோட்டுக்கு ஹார்ட்ஹாட் அல்லது ஆன்வில் என்ற உள்ளூர் நோட்டில் தொடங்குங்கள். இரண்டும் உங்கள் கணினியிலேயே 8545ஆம் போர்ட்டில் நிற்கும், சங்கிலி எண் 31337, காசும் வேண்டாம், இணையமும் வேண்டாம், கரண்ட் போனாலும் மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்வரை ஓடும். அது சரிவந்த பிறகு செபோலியா என்ற சோதனைச் சங்கிலிக்குப் போகலாம், அதன் எண் 11155111.

இரண்டாம் படி: மரத்தை வாசிப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நிறுவல் செய்ய உங்கள் இலையிலிருந்து வேர் வரைக்குமான பத்து ஹேஷ்கள் தேவை. புதிதாக வருபவர் எல்லோரும் முதலில் செய்வது என்ன தெரியுமா? இலைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சேவையிடம் "217ஆவது இலைக்கு வழி தா" என்று கேட்பது. வேகமாகக் கிடைக்கும், 320 பைட்தான். நிறுவலும் அழகாக வரும், கான்ட்ராக்டும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 217ஆவது ஆள் வாக்குப் போடப்போகிறார் என்று அந்தச் சேவைக்கு இப்போது தெரியும், உங்கள் இணைய முகவரியோடு சேர்த்து. ஐந்து நிமிடம் கழித்து ஒரு வாக்கு விழுந்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நிறுவல் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

முழு எத்தீரிய நோட்டை வீட்டில் ஓட்டினால் இந்தக் கவலை இல்லை. அதற்கு 2 டெராபைட் எஸ்எஸ்டியும் நிற்காத இணைப்பும் வேண்டும். நம் வீடுகளில் பலருக்கு அது நடக்காத காரியம், ஆகவே யாரோ நடத்தும் நோட்டிடம்தான் கேட்கப்போகிறோம். அப்படியென்றால் கேட்கும் முறையை மாற்ற வேண்டும்.

வழி எளிது. எல்லா இலைகளையும் வாங்கிவிடுங்கள். 412 இலை, ஒவ்வொன்றும் 32 பைட், மொத்தம் 13 கிலோபைட். நோட் அனுப்பும் ஜேசன் என்ற எழுத்து வடிவில் அது பல மடங்கு ஊதிவரும், அப்போதும் ஒரு படத்தின் அளவுகூட இல்லை. உறுப்பினரைச் சேர்க்கும்போதெல்லாம் கான்ட்ராக்ட் ஒரு நிகழ்வுக் குறிப்பு எழுதுமாறு வைத்திருந்தால், "ஈத் கெட் லாக்ஸ்" என்ற அழைப்பால் அவற்றை வரிசையாகப் பெறலாம். கான்ட்ராக்ட் பிறந்த பிளாக்கிலிருந்து தொடங்குங்கள், பூச்சியத்திலிருந்து கேட்டால் நோட் மறுத்துவிடும் அல்லது நேரம் தீர்ந்து நிற்கும். நீண்ட தூரமென்றால் சில ஆயிரம் பிளாக்குகளாக வெட்டி வெட்டிக் கேளுங்கள். வந்ததைப் பிளாக் எண்ணாலும், ஒரே பிளாக்குக்குள் குறிப்பின் வரிசை எண்ணாலும் அடுக்குங்கள். அப்புறம் மரத்தை உங்கள் கணினியிலேயே கட்டி, வழியையும் அங்கேயே எடுங்கள். எந்த இலை உங்களுடையது என்று நோட்டுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்கள்.

கட்டிய மரத்தின் வேரும் கான்ட்ராக்ட் சொல்லும் வேரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போகாதீர்கள். மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். இலைகளின் வரிசை மாறியிருக்கலாம். வெற்று இலைகளுக்கு நீங்கள் ஓர் எண்ணும் கான்ட்ராக்ட் வேறோர் எண்ணும் வைத்திருக்கலாம். அல்லது ஹேஷ் வேறாக இருக்கலாம். எத்தீரியத்துக்குச் சொந்தமான ஹேஷ் கெச்சாக். நிறுவலுக்குள் அதை ஒருமுறை செய்ய ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கட்டுப்பாடுகள் பிடிக்கும். அதனால் இந்த மரங்களைப் பொசைடன் என்ற ஹேஷால் கட்டுவார்கள், அதற்குச் சில நூறே போதும். (பெயர் கிரேக்கர்களின் கடல் தெய்வத்தினுடையது. துறைமுக ஊருக்குப் பொருத்தம்தான்.)

வேர் சில நேரம் ஒத்தும் சில நேரம் ஒவ்வாமலும் வந்தால் அது வேறு வியாதி. நோட் சேவைகள் பெரும்பாலும் ஒரு முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை வைத்திருக்கும். இலைப் பட்டியலை ஒரு கணினியும் வேரை இன்னொன்றும் சொல்லும், இரண்டும் ஒரே பிளாக்கில் நிற்காது. மருந்து: முதலில் ஒரு பிளாக் எண்ணைத் தெரிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும் அந்த எண்ணையே போடுங்கள். "லேட்டஸ்ட்" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "ஃபைனலைஸ்ட்" நிலையிலுள்ள பிளாக் கிடைத்தால் இன்னும் நல்லது, அது பின்னால் மாறாது.

கான்ட்ராக்ட் எழுதுபவருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் நிறுவல் செய்துகொண்டிருக்கும்போது 413ஆவது உறுப்பினர் சேர்ந்தால் வேர் மாறிவிடும். இப்போதைய வேரை மட்டும் ஏற்கும் கான்ட்ராக்ட் என்றால் உங்கள் நிறுவலைத் தள்ளிவிடும். பழைய நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மூதூர் லோஞ்சுக்கு ஓடியவரின் நிலைதான். ஆகவே அண்மைய வேர்கள் சிலவற்றைக் கான்ட்ராக்டில் வைத்திருந்து, அவற்றில் எதுவானாலும் ஏற்க வேண்டும்.

மூன்றாம் படி: நிறுவலைச் செய்வது

இது பயமுறுத்தும், ஆனால் லேசு. உள்ளீடுகளை ஒரு ஜேசன் கோப்பில் எழுதி ஸ்நார்க்ஜேஎஸ்ஸிடம் கொடுத்தால் இந்த அளவுக் கூற்றுக்குச் சாதாரண மடிக்கணினியிலேயே சில விநாடிகளில் முடிந்துவிடும்.

எண்களை மேற்கோள் குறிக்குள், எழுத்தாக எழுதுங்கள். நாம் கையாளும் எண்கள் 77 இலக்கம் வரை நீளும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991க்கு மேலே துல்லியத்தை விட்டுவிடும், பிழை என்றும் சொல்லாது. கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும்.

இடையில் விட்னஸ் என்ற கோப்பு ஒன்று உருவாகும். இரகசிய எண், வழி, இலையின் இடம் எல்லாம் அதற்குள் அப்படியே இருக்கும். பிழை வந்தால் உதவி கேட்கும்போது அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். போன் மெதுவாக இருக்கிறதே என்று நிறுவலை வேறொருவரின் சர்வரில் செய்யக் கொடுப்பதும் இதேதான், இரகசியத்தையே கையில் கொடுக்கிறீர்கள்.

நான்காம் படி: பொதி கட்டுவது

ஸ்நார்க்ஜேஎஸ் இரண்டு கோப்புகள் தரும். ஒன்றில் நிறுவல், மற்றதில் பொது எண்கள்.

நிறுவலில் ஏ, பி, சி என்று வளைகோடுகளின் மேலுள்ள மூன்று புள்ளிகள். ஏயிலும் சியிலும் கடைசியாக ஒன்று என்ற எண்ணும், பியில் ஒன்று, பூச்சியம் என்ற சோடியும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை நோட்டுக்குப் போகாது. ஏக்கும் சிக்கும் இரண்டிரண்டு எண், பிக்கு நான்கு, மொத்தம் எட்டு எண். எட்டும் 32 பைட்டாக 256.

இந்த பியில்தான் நான் ஒரு இரவு முழுக்கத் தொலைத்தேன். பி புள்ளியின் ஆள்கூறு ஒவ்வொன்றும் ஒரு சோடி எண். ஸ்நார்க்ஜேஎஸ் அந்தச் சோடியை ஒரு வரிசையில் எழுதும், எத்தீரியம் மறுவரிசையில் எதிர்பார்க்கும். மாற்றாமல் அனுப்பினால் "இந்தப் புள்ளி வளைகோட்டிலேயே இல்லை" என்ற கருத்தில் அழைப்பு விழுந்துவிடும், ஆனால் திரையில் வருவது வெறும் "ரிவேர்ட்டட்" என்ற சொல்தான். விடியற்காலை கோணேசர் கோவில் மணி கேட்கும்போது நான் இன்னும் கூற்றின் கணிதத்தைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஸ்நார்க்ஜேஎஸ்ஸில் "ஜெனரேட் கால்" என்ற கட்டளை உண்டு, சோடியைத் திருப்பி, அழைப்புக்கு வேண்டிய எண்களை ஒழுங்காக அடுக்கித் தந்துவிடும். கையால் கட்ட வேண்டாம்.

பொது எண்களின் வரிசையும் முக்கியம். சர்க்கத்தில் வெளியீடுகள் முதலில் வரும், அதன் பிறகுதான் பொது உள்ளீடுகள். நலிஃபையரை வெளியீடாக வைத்திருந்தால் அதுதான் முதலாவது எண். கான்ட்ராக்ட் முதலாவதை வேர் என்று எண்ணி வாசித்தால் எல்லாம் தலைகீழ்.

இன்னொன்று, இது கான்ட்ராக்ட் எழுதுபவருக்கு. நிறுவலுக்குள் எண்கள் கடிகாரத்தைப் போலச் சுற்றும். கடிகாரத்துக்கு 1 மணியும் 13 மணியும் ஒன்றுதானே. அதைப் போலவே, 77 இலக்கமுள்ள ஒரு முதன்மை எண்ணைத் தாண்டினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து வரும். ஆனால் கான்ட்ராக்டின் 256 பிட் எண்ணுக்கு இன்னும் இடமிருக்கிறது. ஆகவே ஒருவர் தன் நலிஃபையரோடு அந்த முதன்மை எண்ணைக் கூட்டி அனுப்பினால் நிறுவல் அதே எண் என்று ஏற்றுக்கொள்ளும், கான்ட்ராக்டின் பட்டியலோ இது புது எண் என்று நினைக்கும். ஒரே ஆள் பல தடவை வாக்குப் போட்டுவிடலாம். பொது எண் ஒவ்வொன்றும் அந்த முதன்மை எண்ணைவிடச் சிறியதா என்று பார்க்கும் வரி கான்ட்ராக்டில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒத்திகை

அனுப்புவதற்கு முன் "ஈத் கால்" என்ற அழைப்பால் கேட்டுப் பாருங்கள். நோட் தன் கணினிக்குள்ளேயே கான்ட்ராக்டை ஓட்டிப் பதில் சொல்லும், சங்கிலியில் எதுவும் எழுதப்படாது, காசும் போகாது. "இல்லை" என்று பதில் வந்தால் சாவி பழையதா, பொது எண்களின் வரிசை மாறியதா என்று பாருங்கள். இரண்டு விதத்திலும், குறிப்பாகப் பதிலே இல்லாமல் விழுந்தால், பி புள்ளியைப் பாருங்கள்.

ஒத்திகையை உள்ளூர் நோட்டில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தவர் நோட்டில் செய்தால், அனுப்பப்போகும் நலிஃபையரை உங்கள் இணைய முகவரியிலிருந்து முன்கூட்டியே காட்டிவிட்டீர்கள். "இந்த நலிஃபையர் ஏற்கெனவே பயன்பட்டதா?" என்று கேட்பதும் அப்படியே. அதற்கும் முழுப் பட்டியலை வாங்கி நீங்களே தேடுங்கள்.

செலவுக் கணக்கையும் இப்போதே பார்த்துவிடலாம். க்ரோத்16 சரிபார்ப்புக்கு நான்கு "பேரிங்" (வளைகோட்டுப் புள்ளிகளைச் சோடி சேர்க்கும் பாரமான கணக்கு) தேவை. எத்தீரியம் அதற்கென 2017 ஒக்டோபரில் வந்த பைசான்டியம் மேம்படுத்தலிலிருந்து தனி வசதி வைத்திருக்கிறது. அப்போது நான்குக்கும் 420,000 காஸ் (எத்தீரியத்தில் கட்டணத்தை அளக்கும் அலகு) ஆனது. 2019 டிசம்பர் இஸ்தான்புல் மேம்படுத்தலோடு 181,000 ஆகக் குறைந்தது. பொது எண் ஒன்றுக்கு இன்னும் 6,150. நான்கு எண்ணையும், பரிவர்த்தனைக்கு எப்போதும் போகும் 21,000ஐயும், நலிஃபையரை எழுதிவைக்கும் 20,000க்குச் சற்று மேற்பட்டதையும் கூட்டினால் இரண்டரை இலட்சம் காஸ் அளவில் நிற்கும். பொது எண்களைக் குறைத்தால் காசு மிச்சம் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

ஆறாம் படி: அனுப்புவது

யாருடைய வாலட்டிலிருந்து (சங்கிலியிலுள்ள காசுக் கணக்கிலிருந்து) அனுப்புகிறீர்கள்? உங்களுடையதிலிருந்து என்றால் இவ்வளவு பாடுபட்டதும் வீண். காஸ் கட்டிய முகவரி சங்கிலியில் எல்லோருக்கும் தெரியும், அந்த முகவரிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். அதனால் நடுவில் ஓர் அஞ்சற்காரர் தேவை, ரிலேயர் என்பார்கள். உறுப்பினர் 388 பைட்டை அவரிடம் கொடுப்பார், அவர் தன் வாலட்டிலிருந்து அனுப்புவார். நம் உதாரணத்தில் சங்க அலுவலகமே அதைச் செய்யலாம். பொதியைச் சங்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், பெயர் அங்கேயே தெரிந்துவிடும். அலுவலகத்தில் ஒரு பொதுக் கணினி வைத்து, எல்லோரும் அதில் ஏற்றிவிட்டுப் போவது மேல்.

"அப்ப அந்தக் கந்தோர்க்காரர் வாக்க மாத்திப்போட்டா?" என்று அண்ணா கேட்டார். மாற்ற முடியாது. வாக்கு ஒரு பொது எண்ணாக நிறுவலோடு கட்டப்பட்டிருக்கிறது, அதைத் தொட்டால் நிறுவல் செல்லாது. பரிவர்த்தனை பிளாக்கில் ஏறுவதற்கு முன் மெம்பூலில் காத்திருக்கும்போது வேறொருவர் நிறுவலைக் களவெடுத்தாலும் அதே வாக்கைத்தான் போட முடியும். ஆனால் வாக்கு என்ற எண் கூற்றுக்குள் ஏதாவது கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். வெறுமனே அறிவித்துவிட்டு எங்கும் பயன்படுத்தாமல் விட்டால் அந்தக் கட்டு உறுதியாக இராது. அதனால் அதை ஒருமுறை வர்க்கித்து வைப்பது வழக்கம். விடை எதற்கும் தேவைப்படாது, முடிச்சு விழுந்தால் போதும்.

காத்திருப்பது

அனுப்பியவுடன் பரிவர்த்தனையின் ஹேஷைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு நடுவில் அறுந்தால் பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்பாமல், அந்த ஹேஷை வைத்து ரசீதைக் கேளுங்கள். ரசீதில் நிலை 1 என்றால் ஏறிவிட்டது. பூச்சியம் என்றால் பிளாக்கில் ஏறியும் தோற்றது, காஸும் போனது. எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் வாய்ப்பு. இனி மாறாது என்று சொல்ல ஏறக்குறைய 13 நிமிடம். ஒரு பிளேன் டீ குடிக்கலாம்.

மற்ற வழிகள் பற்றிச் சுருக்கமாக

ஸ்டார்க் என்ற இன்னொரு நிறுவல் முறைக் குடும்பத்துக்கு முன் ஆயத்தமே தேவையில்லை. பதிலாக நிறுவல் பத்துக்கணக்கான, சில நேரம் நூற்றுக்கணக்கான கிலோபைட் வரும். கெத் என்ற மென்பொருளில் ஓடும் நோட்டின் காத்திருப்புப் பட்டியல் 128 கிலோபைட்டுக்கு மேற்பட்ட சாதாரணப் பரிவர்த்தனையை ஏற்காது. அதனால் ஸ்டார்க்கைச் சரிபார்த்தேன் என்பதற்கு ஒரு க்ரோத்16 நிறுவல் செய்து, சிறியதை மட்டும் அனுப்பும் வழக்கம் உண்டு. ரோலப்புகள் (பல பரிவர்த்தனைகளை வெளியே சேர்த்து எத்தீரியத்தில் பதியும் துணைச் சங்கிலிகள்) தம் பரிவர்த்தனைத் தரவை 2024 மார்ச்சிலிருந்து பிளாப் என்ற 128 கிலோபைட் பொதிகளில் ஏற்றுகின்றன. நோட்கள் அவற்றை ஏறக்குறைய 18 நாள் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம், நிலைத்திருப்பது பிளாப்பின் சுருக்க அடையாளமான 48 பைட் உறுதிமொழியிலிருந்து பிறந்த ஹேஷ்தான்.

எதிர்த்திசையும் உண்டு. "என் கணக்கில் இந்த நாளில் இவ்வளவு இருந்தது" என்று நிறுவ, நோட்டிடம் "ஈத் கெட் ப்ரூஃப்" என்று கேட்டு, அது தரும் மர வழியை நிறுவலுக்குள் எடுத்துக்கொள்ளலாம். அந்த மரம் கெச்சாக்கில் கட்டியது, ஆகவே பாரம் அதிகம். சாதாரண முழு நோட் கடைசி 128 பிளாக்குகளின் நிலையையே கையில் வைத்திருக்கும், அரை மணித்தியாலம்கூட இல்லை. அதற்கு முந்தியதற்கு, பழைய நிலைகளையெல்லாம் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோட் தேவை.

அண்ணாவுக்கு இதையெல்லாம் காட்டியபோது அவர் திரையில் வாக்குகளின் பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீண்ட நலிஃபையர் ஒன்று, அவ்வளவுதான்.

"என்ர வாக்கு விழுந்ததா எண்டு எனக்கே தெரியாமப் போச்சே?"

"இல்லண்ணா. உங்கட இரகசிய எண்ண வச்சு நலிஃபையரத் திரும்பக் கணக்குப் பாருங்கோ. அந்த எண் இந்தப் பட்டியல்ல இருந்தா விழுந்திருக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த எண் வேற ஆற்றயும் கையில கிடைச்சா அவையும் பாக்கலாம்?"

பார்க்கலாம். பட்டியல் சங்கிலியில் எப்போதும் இருக்கும், எண் பத்து வருடம் கழித்துக் கிடைத்தாலும் கணக்கு அதே கணக்குத்தான். அண்ணா தன் எண்ணை எழுதியிருந்த தாளை மேசையிலிருந்து எடுத்து மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.